வைரக் கம்பனிப் பங்கு வாங்கும் முன்

மார்ச் மாதத்தில் என் ஸ்காபரோ வரிக்கணக்கு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் சம்பளத்துக்கான டி4 தாள், நன்கொடை ரசீது, மருந்துக்கடை ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். போன வரிக்காலத்தில் ஒரு அண்ணை எல்லாம் எடுத்து வைத்த பிறகு, பையின் அடியிலிருந்து மடித்த ஒரு தாளை நீட்டினார். "இதையும் ஒருக்கா பாருங்கோ தம்பி."

கனடாவின் வடக்கில் வைரம் தேடும் ஒரு சின்னக் கம்பனியின் பங்குகள். 18,000 டொலருக்கு வாங்கியிருக்கிறார். கம்பனி திவாலாகி, பங்கு சந்தையிலிருந்தே நீக்கப்பட்டு எட்டு மாதம்.

ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டதற்குக் கைபேசியை எடுத்துக் காட்டினார். கம்பனியின் பழைய செய்தி அறிக்கை. வைரத்தைச் சுமந்துவரும் எரிமலைப் பாறையான கிம்பர்லைட்டின் மாதிரியில் இருநூற்றுச் சொச்சம் வைரங்கள் கிடைத்ததாகத் தலைப்பு. கீழே இறக்கினால் ஒரு அட்டவணை. பாறையை இரசாயனத்தில் கரைத்து, மிஞ்சியதைச் சல்லடை சல்லடையாகப் பிரித்து எண்ணிய கணக்கு அது. முதல் சல்லடை 0.106 மில்லிமீற்றர், அதாவது தலைமயிரின் தடிப்பைவிடச் சற்றே பெரிது. இருநூறில் பெரும்பங்கு அந்தக் கட்டத்திலும் அடுத்த இரண்டிலும்தான். 0.85 மில்லிமீற்றருக்கு மேல் இரண்டே இரண்டு கல். அண்ணை தலைப்போடு நின்றுவிட்டார்.

இந்த நுண்வைரக் கணக்கு வீண் என்று சொல்ல வரவில்லை. பெரிய கல் எவ்வளவு இருக்கலாம் என்று மதிப்பிட நிலவியலாளர்களுக்கு இது தேவை. ஆனால் மோதிரத்தில் வைக்கும் கல் இதுவல்ல.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. சக் ஃபிப்கி, ஸ்டூவர்ட் பிளஸ்சன் என்ற இரு நிலவியலாளர்கள் பனியாறு இழுத்துவந்த மண்ணில், பக்கத்தில் கிம்பர்லைட் இருப்பதைச் சுட்டிக்காட்டும் கார்னெட் போன்ற கனிமங்களைப் பத்து ஆண்டு போலத் தேடிப் பின்தொடர்ந்து, வடமேற்கு ஆட்புலத்தின் லக் டி கிராஸ் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1991 நவம்பரில் அறிவிப்பு வந்தது: பொயின்ட் லேக்கில் எடுத்த 59 கிலோ பாறையில் 81 சிறு வைரங்கள். அவர்களின் டயா மெட் கம்பனியின் பங்கு பல மடங்கு ஏறியது. அந்தப் பகுதியில் தேடல் உரிமைக்கு முளையடிக்க வன்கூவரிலிருந்து சின்னச் சின்னக் கம்பனிகள் படையெடுத்தன. 1998இல் எகாட்டி சுரங்கம் திறந்தது. ஆனால் அங்கே முதலில் தோண்டியது பொயின்ட் லேக்கை அல்ல, பாண்டா என்ற வேறொரு குழாயை. நிலத்துக்குள் செங்குத்தாக இறங்கும் கிம்பர்லைட்டைத்தான் குழாய் என்கிறார்கள். சந்தையைக் கிளப்பிவிட்ட அதே 81 கல்லின் குழாய் வரிசையில் பின்னால் போனது.

ஏனென்றால் கிம்பர்லைட் கண்டுபிடிப்பது வேறு, சுரங்கம் வேறு. உலகில் அறியப்பட்ட கிம்பர்லைட்டுகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான் இலாபமான சுரங்கமாகிறது என்பது துறையில் வழங்கும் கணக்கு. தங்கத்துக்கு உலக விலை ஒன்று உண்டு. வைரத்துக்கு இல்லை. ஒரு தொன் பாறைக்கு எத்தனை கரட், ஒரு கரட்டுக்கு எத்தனை டொலர், இரண்டையும் பெருக்கினால்தான் பாறையின் பெறுமதி. இரண்டாவது எண் தெரிய, ஆயிரக்கணக்கான கரட் கற்களைத் தோண்டி எடுத்து மதிப்பீட்டாளர் கையில் கொடுக்க வேண்டும். அதற்குக் கோடிக்கணக்கில் செலவு. அதுவரை ஒரு கரட்டின் விலை என்று சொல்லப்படுவது ஊகம்.

சரி, சுரங்கமே திறந்துவிட்டால்? கியூபெக்கின் முதல் வைரச் சுரங்கம் ரெனார்ட். ஸ்டோர்னவே நிறுவனம் 2016இல் திறந்தது. ஆலையில் கற்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் உடைந்தன, விலையும் எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை. 2019இல் கடன்கொடுத்தோரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புத் தேடினார்கள். சுரங்கம் கடன்கொடுத்தவர்கள் கைக்குப் போனது, பங்குதாரருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நுனாவுட்டின் ஜெரிக்கோ சுரங்கத்தை நடத்திய தஹேராவும் 2006இல் திறந்து 2008இல் அதே வாசலில் நின்றது. ஸ்னாப் லேக் சுரங்கம் இன்னொரு விதம். அதைக் கண்டுபிடித்த வின்ஸ்பியர் கம்பனியை 2000ஆம் ஆண்டில் பெரிய வைர நிறுவனமான டி பியர்ஸ் சுமார் 305 மில்லியன் டொலருக்கு வாங்கியது. விற்றவர்கள் தப்பினார்கள். டி பியர்ஸ் 2015 டிசம்பரில் அந்தச் சுரங்கத்தை நிறுத்தியது.

இப்போது ஆய்வுக்கூட வைரம் வேறு வந்து விலையை இழுக்கிறது. அதை எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

என் தொழில் பாறை அல்ல, தாள். அதனால் தாளைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் கம்பனிகளுக்கு வருமானம் கிடையாது. துளை போடவும் ஹெலிகொப்டருக்கும் அலுவலக வாடகைக்கும் காசு புதுப் பங்கு விற்றுத்தான் வரும். பெரும்பாலும் சிலருக்கு மட்டும் நேரே விற்கும் தனிப்பட்ட ஒதுக்கீட்டில், சந்தை விலைக்குக் கொஞ்சம் கீழே, கூடவே பின்னால் இன்ன விலைக்கு இன்னொரு பங்கு வாங்கும் உரிமையும் சேர்த்து விற்பார்கள். அப்படி வாங்கியவர் நான்கு மாதமும் ஒரு நாளும் விற்க முடியாது. அந்தத் தவணை முடிகிற வாரத்தில்தான் பல தடவை நல்ல செய்தி வெளிவருவதைப் பார்த்திருக்கிறேன். தற்செயல் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். கம்பனிகள் அறிக்கைகளைப் பதிவு செய்யும் செடார் பிளஸ் தளத்தில் கடைசி நிதி அறிக்கையைத் திறந்து, கையில் எவ்வளவு காசு, போன ஆண்டு பங்குகளின் எண்ணிக்கை எத்தனை, இந்த ஆண்டு எத்தனை என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும், கட்டணமும் இல்லை. அண்ணையின் கம்பனியில் மூன்று ஆண்டில் பங்குகள் இரட்டிப்புக்கு மேலாகியிருந்தன.

அப்புறம் வரி. 18,000இல் 11,000 டொலரை அவர் வரியற்ற சேமிப்புக் கணக்கான டிஎஃப்எஸ்ஏக்குள் போட்டிருந்தார். வைரம் கிடைத்தால் இலாபத்துக்கு வரியில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். நட்டம் வந்தாலும் கணக்கில் காட்ட வழியில்லை என்பதைச் சொல்லவில்லை. காட்ட முடியாததோடு, அந்தக் கணக்கில் 11,000 டொலர் போடுவதற்கான இடமும் திரும்பி வராது. ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கான ஆர்ஆர்எஸ்பிக்குள் வாங்கினாலும் நட்டத்தைக் கழிக்க முடியாது. வரிக்கழிவைப் பங்குதாரருக்கே கொடுத்துவிடும் ஃப்ளோ த்ரூ பங்கு வாங்கியவர்களுக்கு வேறொரு பொறி. வரிக் கணக்கில் அந்தப் பங்கின் கொள்விலை பூச்சியம். 100 டொலருக்கு வாங்கி 30க்கு விற்றாலும் அந்த 30ம் மூலதன ஆதாயம்.

மிச்சம் 7,000 டொலர் சாதாரணக் கணக்கில் இருந்தது. விற்க ஆளில்லாத பங்கில் நட்டம் காட்ட, வருமான வரிச் சட்டம் 50(1) பிரிவில் ஒரு வழி உண்டு. கம்பனி திவாலாகியிருந்தால், அந்த ஆண்டின் முடிவில் பங்கைப் பூச்சியத்துக்கு விற்றதாகத் தெரிவு செய்து, வரிப் படிவத்தோடு ஒரு கடிதம் வைக்க வேண்டும். பலர் இதைத் தவறவிட்டு, செத்த பங்கை ஆண்டுக்கணக்காகத் தாளில் வைத்திருக்கிறார்கள். அண்ணைக்கு அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். ஆனால் மூலதன நட்டத்தை மூலதன ஆதாயத்தில்தான் கழிக்கலாம். மூன்று ஆண்டு பின்னோக்கிப் பார்த்தேன், அவருக்கு அப்படி எந்த ஆதாயமும் இல்லை. முன்னோக்கி எவ்வளவு காலம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று விளக்கினேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப வேற ஒரு கம்பனியில வாங்கி லாபம் வந்தா, இதை அதில கழிக்கலாம்தானே தம்பி?"

கழிக்கலாம் என்றேன். அவர் கைபேசியை மறுபடி எடுத்தார்.