டேக்ஓவர்: கையகப்படுத்தல் அல்ல, கையேற்பு

'சவுதி நிதியம் நியூகாசில் அணியைக் கையகப்படுத்தியது.' இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு வடிவில் படித்துப் படித்து அலுத்துவிட்டது. அணி மாறும், ஆண்டு மாறும், வினை மட்டும் மாறாது. இங்கிலாந்துக் கால்பந்து கிளப் ஒன்றை வெளிநாட்டுக்காரர் யார் வாங்கினாலும் தமிழில் அவர் அதைக் கையகப்படுத்திவிடுகிறார்.

முதலில் 'டேக்ஓவர்' என்ற ஆங்கிலச் சொல். 'டேக்' பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதோடு 'ஓவர்' சேர்ந்தால், ஒருவர் நடத்தி வந்ததை இன்னொருவர் வாங்கித் தொடர்ந்து நடத்துவது. வணிகத்தில், நிர்வாகத்தைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பங்குகள் புதியவர் வசம் போவது. விற்பவர் உண்டு, விலை உண்டு, ஒப்பந்தம் உண்டு.

இனி தமிழ்ச் சொல். கை, அகம், படுத்து: கைக்குள் வரச் செய்தல். பிரித்துப் பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வழக்கில் அந்தச் சொல் எங்கே வாழ்கிறது? நிலத்தில். எட்டு வழிச்சாலைக்கு நிலம் கையகப்படுத்தல், பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் கையகப்படுத்தல். அரசு கேட்கிறது, உடையவர் மறுக்கிறார், சட்டம் அவருடைய மறுப்பைத் தாண்டிப் போகிறது. இழப்பீடு உண்டுதான், ஆனால் பேரம் கிடையாது. தமிழ்நாட்டு வருவாய்த் துறை 'நில எடுப்பு' என்கிறது, இலங்கையில் 'காணி சுவீகரிப்பு' என்பார்கள். மூன்றிலும் ஒரே பொருள்தான்: உடையவரின் சம்மதம் தேவையில்லை.

அகராதியில் 'அக்விசிஷன்' என்பதற்கு நேராகக் கையகப்படுத்தல் என்றுதானே இருக்கிறது என்று கேட்பார்கள். இருக்கட்டும். ஆங்கிலத்தில் அது பெற்றுக்கொள்வதைச் சொல்லும் பொதுச்சொல். மொழி அறிவைப் பெறுவதற்கும் அதே சொல்தான். கட்டாயம் என்பது நிலச் சட்டத்தில் இருக்கிறது, சொல்லில் இல்லை. தமிழில் அந்தக் கட்டாயம் சொல்லுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. பிறமொழியில் பொதுச்சொல்லாக இருப்பதற்கு நம் மொழியில் ஒரு பக்கம் சாய்ந்த சொல்லைப் போடுவது மொழிபெயர்ப்பு ஆகாது.

நியூகாசிலையே பார்ப்போம். மைக் ஆஷ்லி அந்தக் கிளப்பை விற்க வெகுகாலம் ஆள் தேடினார். 2021 அக்டோபரில் ஏறத்தாழ 30.5 கோடி பவுண்டுக்கு விற்றார். சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் 80 விழுக்காடு வாங்கியது, மீதியை இரண்டு கூட்டாளிகள் வாங்கினார்கள். இதில் பெரிய சர்ச்சை, நிதியம் வேறு சவுதி அரசு வேறா என்பதுதான். பட்டத்து இளவரசரே அந்த நிதியத்தின் தலைவர். கிளப்பை அரசு கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதிமொழி கிடைத்த பிறகே, முதல்நிலைப் போட்டியை நடத்தும் பிரீமியர் லீக் இசைந்தது. அந்த உறுதிமொழியை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் அரசுகள் நிலத்தின் மேல் செலுத்தும் அதிகாரத்துக்கான வினையை இங்கே போட்டால், வாசகர் யோசிக்கும் முன்பே வழக்கு தீர்ந்துபோகிறது.

செல்சியில் குழப்பம் இன்னும் கூடும். ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச் 2003-ல் அந்த லண்டன் கிளப்பை வாங்கினார். உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததை அடுத்து 2022 மார்ச் 10 அன்று பிரிட்டிஷ் அரசு அவருடைய சொத்துகளை முடக்கியது. கிளப் சிறப்பு உரிமத்தில் ஓடியது. மே மாதம் அமெரிக்கத் தொழிலதிபர் டாட் போலியும் கிளியர்லேக் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்த குழு 250 கோடி பவுண்டுக்கு அதை வாங்கியது. விற்பனைக்கும் அரசின் உரிமம் வேண்டியிருந்தது, பணமும் முடக்கப்பட்ட கணக்குக்கே போனது. ஆனாலும் அரசு ஒரு நாள்கூட செல்சியின் உரிமையாளர் ஆகவில்லை. 2003-ல் நடந்தது, மார்ச்சில் நடந்தது, மே மாதம் நடந்தது என மூன்றும் வெவ்வேறு. முதலாவது வாங்கல், இரண்டாவது முடக்கம், மூன்றாவது அரசு அனுமதியோடு நடந்த விற்பனை. மூன்றுக்கும் கையகப்படுத்தல் என்றே எழுதினால் படிப்பவருக்கு என்ன விளங்கும்?

அந்தச் சொல் சரியாகப் பொருந்தும் ஓர் இடமும் உண்டு. 2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியபோது பெரும்பங்குதாரர்கள் மனமொப்பி விற்றார்கள். சிறுபங்கு வைத்திருந்த ரசிகர்கள் பலர் மறுத்தார்கள். கிளேசர் வசம் 98 விழுக்காடு சேர்ந்ததும், மீதிப் பங்குகளைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தந்தது. ரசிகர்கள் கையிலிருந்த அந்தக் கடைசிப் பங்குகள்தான் உண்மையில் கையகப்படுத்தப்பட்டவை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைச் செலவழித்துவிட்டால் இந்த அநியாயத்தைச் சொல்ல நமக்குச் சொல் மிஞ்சாது.

சரி, வேறு என்ன சொல்லலாம்? 'கைப்பற்றல்' வேண்டாம், விளையாட்டுப் பக்கத்தில் கோப்பையைக் கைப்பற்றுகிறார்கள், குற்றப் பக்கத்தில் கஞ்சாவைக் கைப்பற்றுகிறார்கள். 'கைமாற்று' என்றால் சிறு கடன், 'கைம்மாறு' என்றால் பதிலுதவி. 'கிளப் கைமாறியது' என்று வினையாக எழுதினால் அழகாக இருக்கும், பெயர்ச்சொல்லாக நிற்காது. 'உரிமை மாற்றம்' தெளிவான சொல், ஆனால் நிர்வாகப் பொறுப்பு அதில் விட்டுப்போகிறது. 2024-ல் பிரிட்டிஷ் கோடீஸ்வரர் ஜிம் ராட்கிளிஃப் யுனைடெட்டில் கால்பங்கை ஒட்டித்தான் வாங்கினார், கால்பந்து நிர்வாகம் மட்டும் முழுதாக அவர் பொறுப்புக்கு வந்தது.

நான் 'கையேற்பு' என்பேன். இலங்கைத் தமிழில் கையளித்தல், கையேற்றல் என்ற இணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கொடுப்பவரும் பெறுபவரும் அதில் தெரிகிறார்கள். ஏற்றல் என்பதற்கு இரத்தல் என்ற பழைய பொருள் உண்டே என்பார்கள். பதவியேற்பு, பொறுப்பேற்பு என்று தினமும் எழுதுகிறோமே, யாராவது அப்படி நினைக்கிறார்களா? அதைவிட முக்கியம், ஏற்பவர் சுமையையும் ஏற்கிறார். வட இங்கிலாந்தின் பரி என்ற சிறு கிளப் 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அங்கே ஏற்பதற்கு இருந்தது பெரும்பாலும் கடன். 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே பரி வெளியேற்றப்பட்டது. ஏற்பவருக்குச் சுமக்கும் வலு இருக்கிறதா என்று யாரும் உருப்படியாகச் சோதிக்கவில்லை என்பதுதான் ரசிகர்களின் ஆத்திரம்.

அந்த ஆத்திரம், பெரிய கிளப்புகள் தமக்கென ஒரு ஐரோப்பியப் போட்டி தொடங்க முயன்ற 2021-ன் சூப்பர் லீக் கலகம், கால்பந்து ஆளுகையை ஆராய்ந்த எம்.பி. டிரேசி கிரவுச்சின் அறிக்கை எல்லாம் சேர்ந்துதான் 2025 ஜூலையில் கால்பந்து ஆளுகைச் சட்டமாக வந்தன. மேல் ஐந்து படிநிலைகளிலுள்ள கிளப்புகளுக்கு உரிமம் தருவது, புதிய உரிமையாளரின் பணத்துக்கு மூலம் என்ன என்று பார்ப்பது, தகுதியற்றவரை விலகச் செய்வது எல்லாம் அந்தச் சட்டம் அமைத்த தன்னாட்சி அமைப்பின் வேலை. விலகச் செய்தாலும் கிளப் அரசுக்குப் போகாது. ஆகவே அதுவும் கையகப்படுத்தல் அல்ல, 'உரிமை நீக்கம்' என்றாலே போதும்.

இந்த அமைப்பைக் 'கால்பந்துக் கட்டுப்பாட்டு வாரியம்' என்று எழுதுகிறவர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. கிரிக்கெட் வாரியத்தின் பெயரைப் பார்த்துப் போட்டிருப்பார்கள் போல. கிரிக்கெட் வாரியம் ஆட்டத்தை நடத்துகிறது, அணியைத் தேர்ந்தெடுக்கிறது. இங்கிலாந்தின் புதிய அமைப்பு ஆட்ட விதியையோ அட்டவணையையோ தொடுவதில்லை. மின்சாரத்துக்கும் தொலைத்தொடர்புக்கும் பல ஆண்டுகளாக நாம் சொல்லிவரும் 'ஒழுங்குமுறை ஆணையம்' கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை எடுத்து எழுத வேண்டியதுதானே!