ரெட்டினோபிளாஸ்டோமா: முளையா, குருத்தா?

ரெட்டினோபிளாஸ்டோமா என்பது சின்னக் குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு புற்று. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. ஆஸ்பத்திரிச் சீட்டில் இந்தப் பெயரைப் பார்க்கும் அப்பா அம்மாவுக்கு ஒன்பது எழுத்தும் ஒன்பது கல்லாகத்தான் தெரியும். மூன்றாக உடைத்தால் சொல் வழிக்கு வந்துவிடும்: ரெட்டினா, பிளாஸ்ட், ஓமா.

ரெட்டினாவின் வேர் லத்தீன் மொழியின் ‘ரேட்டே’. வலை என்று பொருள். கண்ணின் உட்படலத்தை வலையோடு ஒப்பிட்டவர்கள் பழைய கிரேக்க மருத்துவர்கள். அந்த உவமை அரபு வழியாக லத்தீனுக்குப் போய்ச் சேர்ந்தது. நாம் விழித்திரை என்கிறோம். வலை தோற்றத்தைச் சொல்கிறது, திரை வேலையைச் சொல்கிறது. நம் சொல்தான் ஒரு படி மேல் என்பேன்.

ஓமா என்றால் கட்டி. ஆனால் ஓமா என்று முடிவதெல்லாம் புற்று அல்ல. லைப்போமா வெறும் கொழுப்புக் கட்டி. கிளாக்கோமா கட்டியே அல்ல, கண்ணின் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்.

விஷயம் இருப்பது நடுத்துண்டில். ‘பிளாஸ்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் முளை, துளிர். கருவில் விழித்திரை உருவாகும்போது இளம் செல்கள் வேகமாகப் பெருகும். அப்புறம் முதிர்ந்து, பெருகுவதை நிறுத்திவிடும். அப்படி முதிராமல் முளையாகவே நின்று பெருகிக்கொண்டே போகும் செல்லிலிருந்து வருவதுதான் பிளாஸ்டோமா. அதனால்தான் இந்த நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருகிறது. சிறுநீரகத்தில் வந்தால் நெஃப்ரோபிளாஸ்டோமா, கல்லீரலில் வந்தால் ஹெபட்டோபிளாஸ்டோமா. ‘பிள்ளைக்கு என்ன கொடுத்து இப்படி ஆச்சு?’ என்று மருகும் தாய்க்கு இந்த ஒரு துண்டே பதில் சொல்லிவிடும். தின்றதாலோ குடித்ததாலோ வந்ததல்ல.

பெயர் கொஞ்சம் புதிது. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப் 1809-லேயே இந்த நோயை விவரித்துவிட்டார். பின்னர் ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ இதை கிளையோமா, அதாவது நரம்புகளைத் தாங்கும் செல்களில் வரும் கட்டி, என்ற வகையில் சேர்த்தார். அமெரிக்கக் கண் மருத்துவர் வெர்ஹோஃப் முன்வைத்த இன்றைய பெயரை அமெரிக்கக் கண் மருத்துவச் சங்கம் ஏற்றது 1926-இல். 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரெட் நட்ஸன், ஒரு செல்லின் மரபணுவில் இரண்டு முறை பழுது விழுந்தால்தான் இந்தப் புற்று கிளம்பும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். முதல் பழுது பிறவியிலேயே இருக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களின் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்வது அதனால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘விழித்திரைப் புற்று’ புழக்கத்தில் இருக்கிறது. தப்பில்லை, ஆனால் முளை போய்விட்டது. ‘முளைப்புற்று’ என்று வைக்கலாம்தான். ஒரு சுழி கூடினால் மூளைப்புற்று ஆகிவிடும். அச்சுப்பிழைக்கு ஒரு குடும்பம் பதறக் கூடாது. என் ஓட்டு குருத்துக்கு. ஸ்டெம் செல்லைக் குருத்தணு என்று ஏற்கெனவே எழுதுகிறோம். ‘விழித்திரைக் குருத்துப் புற்று’. குருத்தெலும்போடு குழம்பாதா என்று கேட்பார்கள். முன்னால் விழித்திரை நிற்கும்போது குழம்பாது.

இத்தனைக்கும் நோயின் முக்கிய அறிகுறிக்கு ஊரில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: பூனைக்கண். கருமணிக்குள் வெள்ளையாக ஒரு மினுக்கம். சிக்கல் என்னவென்றால், வெளிர் நிறக் கண்ணையும் நாம் அதே சொல்லால்தான் கொஞ்சுகிறோம். இரண்டும் வேறு. வெளிர் கண்ணில் நிறம் கருமணியைச் சுற்றியுள்ள வளையத்தில் இருக்கும். நோயில் நடுத்துளையே வெளுக்கும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தால் கவனியுங்கள். கண்புரையாக இருக்கலாம், படம் எடுத்த கோணத்தாலும் இருக்கலாம். அதைக் கண் மருத்துவர் சொல்லட்டும், அந்த வாரமே. புதிதாக வந்த மாறுகண்ணும் அப்படித்தான். அதிர்ஷ்டம் என்று பாட்டி சொன்னாலும் காட்டிவிடுங்கள். கட்டி கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்தால் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் பிழைத்துவிடுகிறார்கள், பல நேரம் கண்ணோடு.