10 சதவீதம் என்றார்கள், கணக்கில் வந்தது 7.18

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் மேசைமீது ஒரு துண்டறிக்கையை விரித்து வைத்தார். "பத்து ஆண்டுகளில் பணம் இரட்டிப்பு! ஆண்டுக்கு 10 சதவீத ஆதாயம்!" என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. அவரிடம் ஏற்கெனவே 8 சதவீத வட்டியில் ஐந்து லட்சம் வைப்புத்தொகை இருந்தது. அதை எடுத்து இதில் போடுவதென்று முடிவே செய்துவிட்டார். விண்ணப்பத்தை நிரப்பித் தர மட்டும்தான் என்னைத் தேடி வந்திருந்தார்.

"எட்டைவிடப் பத்து பெரியதுதானே தம்பி?" என்றார்.

கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். "டீச்சர், 1.08ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள்." பொறுமையாகப் பெருக்கினார். 2.1589 வந்தது. அதாவது, அவர் கைவிடத் துணிந்த 8 சதவீதம் பத்தாண்டில் ஐந்து லட்சத்தை 10,79,462 ஆக்கும். துண்டறிக்கை தருவதோ பத்து லட்சம். அவருடைய வைப்புத்தொகையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்கிறது. அப்படிக் கணக்கிட்டால் 11,04,020 வரும். பெரிய எண்ணை நம்பி ஒரு லட்சத்துக்கு மேல் இழக்க இருந்தார்.

துண்டறிக்கையில் அச்சான எண் எதுவும் பொய்யில்லை என்பதுதான் எனக்கு வேதனை. நூறு இருநூறு ஆகிறது, ஆதாயம் நூறு, அதைப் பத்தாண்டால் வகுத்தால் பத்து. ஆனால் இது தனி வட்டிக் கணக்கு, அசலுக்கு மட்டும்தான் வட்டி. டீச்சரின் 8 சதவீதம் கூட்டு வட்டி, சேர்ந்த வட்டிக்கும் வட்டி. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. பத்தாண்டில் இரட்டிப்பாக ஆண்டுக்கு 7.18 சதவீதக் கூட்டு வட்டியே போதும்.

இதைக் கண்டுபிடிக்க யாருடைய தயவும் வேண்டாம். முதிர்வுத் தொகையை அசலால் வகுங்கள். கைபேசியைப் படுக்கைவாக்கில் திருப்பினால் பல கால்குலேட்டர்களில் அடுக்குக்கான விசை தெரியும். வகுத்து வந்த எண்ணுக்கு, ஒன்றை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் எண்ணை அடுக்காகக் கொடுங்கள். பத்தாண்டு என்றால் 0.1. இரண்டின் அடுக்கு 0.1 என்று போட்டால் 1.0718 வரும். ஒன்றைக் கழித்துவிட்டால் மிச்சம்தான் உண்மையான ஆண்டு வட்டி. ஒரே தவணையில் பணம் கட்டி, முடிவில் மொத்தமாகப் பெறும் திட்டங்களுக்கு இது பொருந்தும். மாதாமாதம் கட்டுகிற திட்டத்தில் ஒவ்வொரு தவணையும் வெவ்வேறு காலம் உள்ளே இருப்பதால், அதற்கு வேறு கணக்கு.

கால்குலேட்டர் கையில் இல்லையென்றால் 72ஐ வட்டி விகிதத்தால் வகுங்கள். பணம் இரட்டிப்பாக ஆகும் ஆண்டுகள் ஏறத்தாழ வந்துவிடும். 8 சதவீதத்துக்கு ஒன்பது ஆண்டு. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி 1494இல் வெளியிட்ட நூலிலேயே இந்த விதி இருக்கிறது. இதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் துண்டறிக்கையைப் பார்த்ததுமே டீச்சருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

வட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சேர்கிறது என்று துருவித் துருவிக் கேட்பவர்கள் நிறையப் பேர். கேட்க வேண்டியதுதான், ஆனால் அதில் கிடைப்பது சொற்பம். 8 சதவீதம் காலாண்டுக்கு ஒருமுறை சேர்ந்தால் ஆண்டு முடிவில் 8.24, மாதந்தோறும் சேர்ந்தால் 8.30, நாள்தோறும் சேர்ந்தாலும் 8.33தான். 1683இல் சுவிஸ் கணித அறிஞர் யாக்கோபு பெர்னூலி இதை ஆராய்ந்தார். 100 சதவீத வட்டியை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துச் சேர்த்தாலும் ஓராண்டில் ஒரு ரூபாய் 2.7183 ரூபாயைத் தாண்டாது.

அள்ளித் தருவது காலம்தான். ஒரு லட்சத்தை 8 சதவீதத்தில் போட்டால் முதலாண்டு வட்டி 8,000. இருபதாம் ஆண்டில் மட்டும் வரும் வட்டி 34,526. வட்டி குட்டி போடும் என்கிறோமே, அது கண்ணுக்குத் தெரிவது இந்தக் கடைசி ஆண்டுகளில்தான். ஏழெட்டு ஆண்டு பொறுத்துவிட்டு, "பெரிதாக ஒன்றும் ஏறவில்லையே" என்று பணத்தை எடுத்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

காலம் நமக்கு எதிராகவும் வேலை செய்யும். 8 சதவீதத்தில் கட்டணமாக ஒரு சதவீதம் போனால் என்ன என்று தோன்றும். 30 ஆண்டில் 8 சதவீதம் ஒரு லட்சத்தை 10,06,266 ஆக்குகிறது. 7 சதவீதமோ 7,61,226தான். ஏறத்தாழக் கால் பங்கு போய்விட்டது. வட்டியை அவ்வப்போது கையில் வாங்கிச் செலவழிப்பவர்கள் கூட்டு வட்டிக் கணக்கையே மறந்துவிட வேண்டும். அது தனி வட்டி. விலைவாசியும் வரியும் இதற்கு மேல் தின்பவை.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1790இல் இறந்தபோது பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களுக்குத் தலா ஆயிரம் பவுண்டு எழுதிவைத்திருந்தார். இளம் தொழிலாளர்களுக்கு 5 சதவீதத்தில் கடனாகச் சுழல வேண்டும், நூறாண்டில் 1,31,000 பவுண்டு ஆகும் என்பது அவர் கணக்கு. பெருக்கல் பிழையில்லாதது. ஆனால் கடன் வாங்கியவர்கள் பலர் திருப்பிக் கட்டவில்லை. இரண்டு நகரங்களுமே அந்தத் தொகையை எட்டவில்லை. வாய்பாட்டில் போடும் விகிதம் ஆண்டு தவறாமல் உண்மையிலேயே வருமா, அதற்கு யார் பொறுப்பு என்பதைத் தனியாகக் கேட்டாக வேண்டும்.

டீச்சர் விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துப் போனார். சில வாரம் கழித்துப் பேரனின் படிப்புக்காக இன்னொரு துண்டறிக்கையோடு வந்தார். "18 ஆண்டில் மும்மடங்கு, ஆண்டுக்கு 11.1 சதவீதம்" என்றது அது. 11.1 என்ற எண்ணைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் 6.29 என்று எழுதி வைத்திருந்தார்.

"சரிதானா பார் தம்பி" என்றார். போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.