கவலை எப்படி உடம்பில் இறங்குகிறது?

1995இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளரின் குழு ஓர் எளிய ஆய்வைச் செய்தது. மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களை ஒரு பக்கமும், அதே வயதில் அந்தச் சுமை இல்லாத 13 பெண்களை இன்னொரு பக்கமும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருடைய தோலிலும் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே மாதிரியான சிறு காயம் உண்டாக்கப்பட்டது. நோயாளியைக் கவனித்துவந்த பெண்களுக்கு அந்தக் காயம் ஆற, மற்றவர்களைவிடச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது.

மனச்சுமைக்கும் தோல் காயத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஹார்மோன்கள்தான்.

ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் இரண்டு வழிகளில் உத்தரவு போகிறது. முதலாவது நரம்பு வழி. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் உட்பகுதி சில நொடிகளில் அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, செரிமானம் மந்தமாகிறது. ஓடவோ மோதவோ உடம்பு தயார். இரண்டாவது வழி கொஞ்சம் மெதுவானது. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது ரத்தத்தில் ஒரு ஹார்மோனை அனுப்ப, அட்ரினல் சுரப்பிகளின் வெளிப்பகுதி கார்டிசாலைச் சுரக்கிறது. இதன் அளவு உச்சத்தை எட்ட ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிறகு அதே கார்டிசால் மூளைக்குத் திரும்பிப்போய், ‘போதும், நிறுத்து’ என்று சொல்கிறது. இந்தத் திரும்பும் செய்தி மிக முக்கியம். ஆபத்து போனதும் எல்லாம் பழைய நிலைக்கு வருவது அதனால்தான்.

சரி, இங்கே ஒரு புதிர் வருகிறது. கார்டிசால் அழற்சியை, அதாவது காயமோ கிருமியோ வந்தால் அந்த இடம் சிவந்து வீங்குவதை, அடக்கும் பொருள். 1948இல் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் அதன் நெருங்கிய உறவான கார்டிசோனை முடக்குவாத நோயாளிக்கு ஊசியாகக் கொடுத்தார். வலியால் அசைய முடியாமல் கிடந்தவர் சில நாட்களில் நடந்தார். ஹென்ச்சுக்கும் இந்த ஹார்மோன்களை ஆராய்ந்த வேறு இருவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் இந்தக் குடும்பம்தான். அப்படியானால் ஓயாத கவலையில் இருப்பவருக்கு அழற்சி குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? பரிசோதித்தால் பெரும்பாலும் கூடுதலாக இருக்கிறது.

விடை கார்டிசாலின் அளவில் மட்டும் இல்லை. அதைக் கேட்கும் செல்களில் இருக்கிறது. மாதக்கணக்கில் அழுத்தம் நீடிக்கும்போது, வெள்ளையணுக்களில் கார்டிசாலை உணரும் ஏற்பிகள் மந்தமாகிவிடுகின்றன. வாசலில் நாள் முழுக்க அடிக்கும் மணியை வீட்டார் காதில் வாங்காமல் விடுவது போல. அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனின் குழு 2012இல் இதைச் சோதித்தது. 276 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில் ஜலதோஷ வைரஸை விட்டார்கள். அண்மையில் நீண்ட மன அழுத்தத்தில் இருந்தவர்களின் செல்கள் கார்டிசாலுக்குச் சரியாகப் பணியவில்லை. அப்படிப் பணியாத செல்கள் கொண்டவர்களுக்கே ஜலதோஷமும் அதிகம் வந்தது. மூக்கொழுகலும் தொண்டை வலியும் வைரஸின் நேரடி வேலையைவிட நம் எதிர்ப்பு அமைப்பு கிளப்பும் அழற்சியின் வேலை என்பதை நினைத்தால் இது புரியும்.

அப்புறம், காயம் ஏன் ஆறவில்லை? புண் ஆறத் தொடக்கத்தில் கொஞ்சம் அழற்சி தேவை. பழுதுபார்க்கும் செல்களை அழைப்பது அதுதான். அந்த 13 பெண்களின் வெள்ளையணுக்கள், தூண்டியபோது அழைப்புச் செய்தியைக் குறைவாகவே உருவாக்கின. ஆக, அழற்சி வேண்டிய இடத்தில் பிந்துகிறது, வேண்டாத இடத்தில் நீள்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் கவலை தருவது இந்தத் தலைகீழ்தான்.

நீளும் அழற்சி மோசமாகத் தாக்கும் இடம் ரத்தக் குழாய். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 293 பேரின் ஸ்கேன் படங்களைப் பார்த்தார்கள். பயத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலா அதிகம் துடிப்பாக இருந்தவர்களுக்கு வெள்ளையணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் துடிப்பாக இருந்தது, தமனிகளில் அழற்சி கூடியிருந்தது, அடுத்த சில ஆண்டுகளில் மாரடைப்பு போன்றவையும் அவர்களுக்கே அதிகம் வந்தன. இத்துடன் கெட்ட தூக்கம், கூடுதல் புகை, விட்டுப்போன உடற்பயிற்சி என்று அழுத்தம் சுற்றுவழியிலும் இதயத்தைத் தொடுகிறது.

எல்லா நோயையும் இதன் தலையில் கட்டவும் கூடாது. வயிற்றுப்புண்ணுக்குக் கவலைதான் காரணம் என்று பல காலம் நம்பினார்கள். பெரும்பாலானவற்றுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவோ வலி மாத்திரைகளோ காரணம் என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பாக்டீரியாவைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். எனவே ‘எல்லாம் டென்ஷன்’ என்று யாராவது சொன்னாலும், விடாத வயிற்றுவலிக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாக்டீரியா என்றால், ஆன்டிபயாட்டிக்கும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்து ஒன்றிரண்டு வாரம் எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.