ரிலே: மின்னஞ்சலைக் கைமாற்றிவிடும் வேலைக்குத் தமிழில் என்ன சொல்?

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கண்ணில் படும் வரி இது: '554 5.7.1 ரிலே அக்சஸ் டினைடு'. வெளியே போகவேண்டிய கடிதத்தை வாங்கிக்கொள்ள சர்வர் மறுத்துவிட்டது என்று பொருள். உடனே எங்கோ தேடிப்பிடித்த ஒரு வரியை அமைப்புக் கோப்பில் ஒட்டுவார்கள். பெரும்பாலும் அது, நம்பத்தக்க முகவரிகளின் பட்டியலில் '0.0.0.0/0', அதாவது உலகின் எல்லா ஐபி முகவரிகளையும், சேர்க்கச் சொல்லும் வரியாக இருக்கும். பிழைச் செய்தி போய்விடும், கூடவே சர்வரின் காவலும் போய்விடும். ரிலே என்றால் என்ன என்று தெரிந்தவர் அந்த வரியைத் தொடமாட்டார்.

ஒரு கடிதம் வந்தால் சர்வர் முதலில் பார்ப்பது, இது தன்னிடம் உள்ள பெட்டிக்கு உரியதா என்பதை. உரியது என்றால் பெட்டியில் போட்டுவிடும். அது பட்டுவாடா. உரியதில்லை என்றால், அதை வாங்கி வரிசையில் வைத்து, யாருக்கு உரியதோ அந்த சர்வரிடமோ அதற்குப் போகும் வழியில் உள்ள இன்னொன்றிடமோ ஒப்படைக்கலாம். இதுதான் ரிலே. ரிலே செய்யும் சர்வர் உறையில் (சர்வர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர், பெறுநர் விவரத்தில்) உள்ள முகவரியை மாற்றுவதில்லை, உள்ளடக்கத்தையும் தொடுவதில்லை. இன்னாரிடமிருந்து இந்த நேரத்தில் வாங்கினேன் என்று 'ரிசீவ்டு' வரி ஒன்றைத் தலைப்பகுதியின் மேலே சேர்ப்பதோடு சரி. இதை ஃபார்வர்டு என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபார்வர்டு செய்யும்போது பெறுநரின் முகவரியே மாறிவிடுகிறது.

அந்த ரிசீவ்டு வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் கடிதம் வந்த பாதை தெரியும். இரண்டு சர்வர்கள் ஒரே கடிதத்தை மாறி மாறி ஒன்றன் தலையில் ஒன்று கட்டிக்கொண்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்க உதவுவதும் இவைதான். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருள் இயல்பாக 50 வரிகள் வரை பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் கடிதம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பிவிடும்.

சொல்லின் வேருக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே இது வேட்டைச் சொல். மானைத் துரத்தும் நாய்கள் களைத்துப்போகும் என்பதால், வழியில் ஆங்காங்கே புதிய நாய்களை நிறுத்திவைப்பார்கள். அந்த மாற்று நாய்க்கூட்டத்துக்குப் பெயர்தான் ரிலே. பிறகு நெடும்பயணத்தில் வழியில் கட்டிவைத்த மாற்றுக் குதிரைகளுக்கு இந்தப் பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தந்தி வந்தபோது, கம்பியில் தூரம் போகப்போக வலுவிழக்கும் குறிப்பை வாங்கி, புதிய மின்கலத்தின் வலுவோடு அடுத்த கம்பியில் அனுப்பும் கருவிக்கும் இதே பெயர். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: போகிற காரியம் மாறுவதில்லை, அதைக் கொண்டுபோகும் கால்தான் மாறுகிறது.

மின்னஞ்சல் நெறிமுறையில் இந்தச் சொல் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியிட்ட ஆர்எஃப்சி 821 என்ற இணைய நெறிமுறை ஆவணம், கடிதங்களை ரிலே செய்யும் திறனை எஸ்எம்டிபி என்ற மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையின் முக்கியமான கூறு என்றே குறிப்பிடுகிறது. எந்தெந்த சர்வர் வழியாகப் போகவேண்டும் என்று அனுப்புகிறவரே முகவரியில் எழுதவும் அதில் வசதி இருந்தது. எல்லாக் கணினியும் எல்லாக் கணினியோடும் நேராகப் பேச முடியாத காலம் அது. யாருடைய கடிதமானாலும் வாங்கி அடுத்தவரிடம் சேர்ப்பது நல்ல பிள்ளைக்கு அடையாளம். 1986இல், ஒரு முகவரிக்கு உரிய கடிதங்களை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளுக்கான விதிகள் வந்தபின், வழியை இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸே சொல்லிவிட்டது. எண் குறைந்த எம்எக்ஸை முதலில் முயல்வது, அது கிடைக்காவிட்டால் அடுத்தது. முன்பின் தெரியாதவர்களுக்கு ரிலே செய்யும் தேவை அதோடு அநேகமாகத் தீர்ந்தது. ஆனால் பழக்கம் போகவில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் ஸ்பேம்காரர்கள் குடியேறினார்கள். ஒரே ஒரு கடிதம், உறையில் நூற்றுக்கணக்கான பெறுநர்கள். அனுப்புகிறவருக்கு ஒரு கடிதத்தின் செலவு, ஏமாந்த சர்வருக்கு மீதி எல்லாம். அதைவிட மோசம், தடைப்பட்டியலில் ஏறுவது ஏமாந்தவரின் ஐபி முகவரி. 1998இல் வந்த சென்ட்மெயில் 8.9 என்ற சர்வர் மென்பொருள், கேட்காமலே ரிலேயை மூடிவைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், சொந்தப் பயனர்கள் கடிதம் ஒப்படைப்பதற்கென்று 587 என்ற தனி வாயில் (போர்ட்) வரையறுக்கப்பட்டது. 1999 மார்ச்சில் எஸ்எம்டிபிக்குள் கடவுச்சொல் கேட்டுச் சரிபார்க்கும் முறையும் வந்துவிட்டது. இன்று 25ஆம் வாயில் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ள, 587உம் 465உம் ஆட்கள் உள்ளே வர.

ஆக இன்றைய பொருளில் ரிலே என்பது சேவை அல்ல, சலுகை. யாருக்குத் தரலாம் என்பதே அமைப்பின் சாரம். போஸ்ட்ஃபிக்ஸில் 2.10 பதிப்பிலிருந்து இதற்கென்றே 'எஸ்எம்டிபிடி ரிலே ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. அதில் மூன்று சொற்கள் வரிசையாக நிற்கும். என் வலையில் உள்ளவரா, விடு. கடவுச்சொல் சொல்லி உள்ளே வந்தவரா, விடு. இரண்டும் இல்லை, பெறுநரும் நம்மவர் இல்லை என்றால், தடு. தகராறு பெரும்பாலும் முதல் சொல்லில்தான். வாடகை சர்வரில் பக்கத்து ஐபிக்காரர் யார் என்று நமக்குத் தெரியாது. துணைவலை முழுவதையும் 'என் வலை' என்று எழுதிவைத்தால் அந்த அந்நியர்கள் எல்லாரும் வீட்டு ஆட்கள். சர்வரைக் கன்டெய்னரில் (கணினிக்குள் பிரித்துவைத்த தனி அறை போன்றதில்) ஓட்டும்போது இன்னொரு வில்லங்கம். வெளியிலிருந்து வரும் எல்லா இணைப்பும், நடுவில் நின்று வாங்கி உள்ளே தரும் பிராக்ஸியின் உள்முகவரியிலிருந்து வருவதுபோல சர்வருக்குத் தெரியலாம். அந்த உள்முகவரி நம்பிக்கைப் பட்டியலில் இருந்தால் கதை முடிந்தது.

சோதிப்பது எளிது, ஆனால் வெளியே உள்ள ஒரு கணினியிலிருந்து சோதிக்கவேண்டும். 25ஆம் வாயிலில் இணைந்து, கடவுச்சொல் எதுவும் தராமல், 'மெயில் ஃப்ரம்' வரியில் ஒரு வெளி முகவரி, 'ஆர்சிபிடி டு' வரியில் இன்னொரு வெளி முகவரி கொடுங்கள். முதல் வரிக்கு 250, அதாவது 'சரி', என்று வருவதில் வியப்பில்லை. இரண்டாவதற்கு 554 என்று வந்தால் கதவு மூடியிருக்கிறது. 454 வந்தாலும் மூடியிருக்கிறது, 'அப்புறம் வா' என்று பதமாகச் சொல்கிறது, அவ்வளவுதான். இரண்டாவதற்கும் 250 வந்தால் சேவையை நிறுத்திவிட்டு அப்புறம் காரணம் தேடுங்கள்.

அத்தாட்சி விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு, அதையும் இந்தச் சொல்லே தீர்த்துவைக்கும். 587இல் கடவுச்சொல் கேட்பது 'இந்த ஆளின் கடிதத்தை நான் கொண்டுபோகலாமா' என்பதற்கு. எஸ்பிஎஃப்பும் (நம் பெயரில் அனுப்ப உரிமையுள்ள ஐபிகளின் பட்டியல்) டிகேஐஎம்மும் (கடிதத்தில் போடும் மின்கையொப்பம்) எதிர்முனை சர்வரின் சந்தேகத்துக்குப் பதில், நம் ரிலே அனுமதிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பல மேகக் கணிமை நிறுவனங்கள் 25ஆம் வாயிலில் வெளியே போவதைத் தடுப்பதால், 'ரிலேஹோஸ்ட்' அமைப்பில் வேறொரு சர்வரைக் குறிப்பிட்டு எல்லாவற்றையும் அதனிடம் தள்ளிவிடுகிறோம். இப்போது எதிர்முனை பார்ப்பது அந்த மாற்றுக் காலின் ஐபியை. எனவே எஸ்பிஎஃப் பதிவில் அதையும் சேர்க்காவிட்டால் சோதனையில் தோற்கும். டிகேஐஎம் கையொப்பம் கடிதத்தின் உள்ளடக்கத்தின் மீதும் சில தலைப்பு வரிகளின் மீதும் போடப்படுவதால், நம் சர்வரிலேயே போட்டு அனுப்பினால், ஒழுங்காக ரிலே செய்யும் எத்தனை கை மாறினாலும் நிற்கும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வேடிக்கை என்னவென்றால், ரிலே என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பொருத்தமான சொல் 'அஞ்சல்'தான். இலங்கையில் 4×100 ஓட்டத்தை அஞ்சலோட்டம் என்கிறார்கள். வானொலியில் வேறிடத்து நிகழ்ச்சியை வாங்கி ஒலிபரப்பினால் நேரடி அஞ்சல். திருவிதாங்கூர் அரசின் தபால் சேவைக்கும் அஞ்சல் என்றே பெயர். கடிதப் பையோடு ஓடியவர் அஞ்சலோட்டக்காரர். 1951இல் அது இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. ஆங்கில 'போஸ்ட்' கூட வழியில் இடைவெளிவிட்டு நிறுத்தப்பட்ட ஆட்களைக் குறித்து வந்ததுதான். ஆனால் மின்னஞ்சல் என்று ஈமெயிலுக்கே இந்தச் சொல்லைக் கொடுத்தாகிவிட்டது. இனி 'மின்னஞ்சல் அஞ்சல்' என்றால் யாருக்கும் புரியாது.

வேறு சில சொற்களையும் எடைபோட்டுப் பார்க்கலாம். 'இடையனுப்பு' பொருளளவில் சரி, வேகமாகப் படித்தால் இடையன் உப்பு. 'வழியனுப்பு' விருந்தினரை ரயிலேற்றிவிடும் வேலை. 'கடத்தல்' வேண்டாம், ஸ்பேம்காரர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் பொருந்தும். 'மறுஅனுப்பு' ஏற்கெனவே அனுப்பியதை இன்னொரு முறை அனுப்புவதுபோலத் தொனிக்கிறது.

பேச்சில் இயல்பாக வருவது 'கைமாற்றிவிடுதல்'. ஒருவரிடம் வாங்கிப் பிரிக்காமல் அடுத்தவரிடம் கொடுப்பது என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. 'கைமாற்று' என்றால் சில நாளில் திருப்பித்தரும் கடன் என்பதால், பெயர்ச்சொல்லாக அதைத் தவிர்த்து, செய்யும் சர்வரைக் 'கைமாற்றி' என்றும் செயலைக் 'கைமாற்றல்' என்றும் சொல்லலாம். யாருடைய கடிதத்தையும் வாங்கி அனுப்பிவிடும் ஓப்பன் ரிலேயைத் 'திறந்த கைமாற்றி' என்பதில் எனக்கு விருப்பமில்லை. திறந்த மூலநிரல் போல ஏதோ நல்ல காரியம் என்று தோன்றிவிடும். 'காவலற்ற கைமாற்றி' என்றால் கேட்டதும் உறைக்கும். அப்போது மேலே சொன்ன பிழை வரி 'கைமாற்ற அனுமதி இல்லை' என்றாகும். மின்சுற்றில் வரும் ரிலேக்கு மட்டும் இது சரிப்படாது. அங்கே எதுவும் கை மாறுவதில்லை, சிறு மின்னோட்டம் ஒன்று பெரிய சுற்றை மூடித் திறக்கிறது. அதற்கு வேறு சொல்தான் தேடவேண்டும்.