ரெசிஸ்டன்ஸ்: மருந்து பழகினது உடம்புக்கு இல்ல, கிருமிக்கு

டெல்லி மயூர் விஹார்ல எங்க பக்கத்து வீட்டு மாமா ஐசியூல இருந்தப்போ அவரோட கல்ச்சர் ரிப்போர்ட்ட, அதாவது என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும்னு சொல்ற டெஸ்ட் ரிப்போர்ட்ட பார்த்தேன், மேல க்ளெப்சியெல்லான்னு கிருமி பேரு, கீழ வரிசையா மருந்துங்க, ஒவ்வொண்ணுக்கும் நேரா ஆர், ஆர், ஆர், பலமான ஆன்டிபயாடிக்கான மெரோபெனத்துக்கும் ஆர், கடைசி ஆயுதமா வெச்சிருக்கற கொலிஸ்டின் ஒண்ணுதான் மிச்சம். ஆர்னா ரெசிஸ்டன்ட், அந்த மருந்து வேலை செய்யாதுன்னு சொன்னதும் மாமி, "அவர் உடம்புக்கு மருந்தெல்லாம் பழகிப்போயிடுத்தாப்பா?"ன்னு கேட்டாங்க.

நாம எல்லாருமே இப்படித்தான் சொல்றோம், ஆனா பழகினது உடம்பு இல்ல, கிருமி. மருந்து உள்ள போனதும் பெரும்பாலான கிருமி செத்துடும், மரபணு மாறின ஒண்ணு ரெண்டு தாக்குப்பிடிக்கும், அப்புறம் அதுங்க மட்டும் பெருகும். அது போதாதுன்னு அந்த மரபணுவ பிளாஸ்மிட்ங்கற சின்ன வளையத்துல வெச்சு பக்கத்துல இருக்கற வேற சாதி கிருமிக்கும் குடுத்துடும்.

ரெசிஸ்டன்ஸ் லத்தீன்ல 'ரெசிஸ்டெரே'லேர்ந்து வந்தது, எதிர்த்து நிக்கறதுன்னு அர்த்தம். பெனிசிலின கண்டுபிடிச்ச ஃபிளெமிங் 1945 நோபல் உரையிலயே, மருந்த குறைச்சலா சாப்பிட்டா கிருமி இப்படி எதிர்த்து நிக்கும்னு எச்சரிச்சாரு.

நம்ம டெல்லி பேரே இதுல மாட்டிக்கிச்சு. 2008ல, டெல்லியில சிகிச்சை எடுத்துட்டு ஸ்வீடன் திரும்பின ஒருத்தர் உடம்புல இருந்த க்ளெப்சியெல்லாவுல ஒரு புது என்சைம் கிடைச்சுது, மெரோபெனம் வகை மருந்தயே உடைக்கறது, அதுக்கு நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமா என்டிஎம்-1னு பேரு வெச்சாங்க. 2010ல லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்ங்கற மருத்துவ இதழ்ல இத பத்தி வந்த பெரிய ஆய்வுக் கட்டுரையோட முதல் ஆசிரியர் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்து கார்த்திகேயன் குமாரசாமி. ஊர் பேர வெச்சது அநியாயம்னு இங்க பெரிய எதிர்ப்பு, எனக்கும் அது வலிக்குது, ஆனா கிருமி இங்க இருக்குங்கறது பொய் இல்லையே.

ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ தமிழ்ல 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு'ன்னு எழுதறாங்க, ரெண்டு எதிர்ப்பு அடுத்தடுத்து வந்து தலைய சுத்துது. அதுவும் இல்லாம, நோய் எதிர்ப்பு சக்தின்னு கேட்டுப் பழகின காதுக்கு எதிர்ப்புன்னாலே உடம்புக்கு நல்லதுன்னுதான் படும். மருந்தெதிர்ப்பு பரவாயில்ல, சின்னதாவாவது இருக்கு. என்னைக் கேட்டா 'மருந்துக்கு மசியாத கிருமி'ன்னே சொல்லலாம், யாருக்கு அந்த குணம்னு சொல்லுலயே தெரிஞ்சுடும்.

மாமிகிட்ட அப்படித்தான் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "அப்போ அது என் கையில ஒட்டிண்டு அடுத்த பெட்டுக்கும் போகுமா?"ன்னாங்க. போகும் மாமி, கை வழியா, யூரின் ட்யூப் வழியா, வென்டிலேட்டர் வழியான்னேன். கட்டில் கால்மாட்டுல தொங்கின சானிடைசர எடுத்து விரல் இடுக்கெல்லாம் தேய்ச்சுட்டுதான் வெளிய வந்தாங்க.