ஃபுடோஷின்: உலையா உள்ளம்

ஜப்பானிய வாட்கலையில் புழங்கும் சொல் ஃபுடோஷின். ‘ஃபு’ இன்மையைக் குறிக்கும், ‘டோ’ அசைவு, ‘ஷின்’ மனம். எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் ‘அசையா மனம்’. எனக்கோ அதைக் கேட்டதும் பத்திரப்பதிவு அலுவலகத்தின் அசையாச் சொத்துதான் நினைவுக்கு வருகிறது. வேடிக்கை என்னவென்றால், ஜப்பானியர்கள் வீடு மனையைக் குறிக்கும் ஃபுடோசான் என்ற சொல்லிலும் இதே ‘ஃபுடோ’தான் இருக்கிறது.

சொல்லின் வேர் பௌத்தத்தில். வடமொழியில் அசலன் எனப்படும் காவல் தெய்வம் ஜப்பானில் ஃபுடோ மியோ-ஓ. ஒரு கையில் வாள், மறு கையில் கயிறு, முதுகுக்குப் பின்னே தீ. அசலம் என்றால் அசையாதது. மலைக்கும் அதே பெயர். அருணாசலம், வேங்கடாசலம் என்று பெயர் வைக்கும் நமக்கு ஃபுடோ தூரத்து உறவுதான்.

இதை வாள் பிடிப்பவர்களுக்கு விளக்கியவர் ஜென் துறவி தகுவான் சோஹோ (1573–1645). ஜப்பானை ஆண்ட தோகுகாவா குல ஷோகன்களுக்கு வாட்கலை கற்பித்த யாக்யூ முனேனோரிக்கு அவர் எழுதிய மடலில், அசையாமை என்பது கல்லைப்போலவோ மரத்தைப்போலவோ கிடப்பதன்று என்கிறார். மனம் எல்லாத் திசையிலும் ஓட வேண்டும். எங்கும் தேங்கக் கூடாது. பத்துப் பேர் வாளோடு பாய்ந்தால், முதல் வாளைத் தட்டிவிட்டு அதிலேயே மனத்தை விட்டுவிட்டவன் இரண்டாவது வாளுக்குப் பலியாவான். ஆயிரங்கைக் கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் மனம் வில்லேந்திய ஒரு கையில் நின்றுவிட்டால் மற்ற 999 கைகளும் வீண். ஆக, அசையா மனம்தான் மிகுதியாக அசையும் மனம்! எதிரி நொடிக்கு நொடி மாறுகிறான். முந்தைய நொடியிலேயே நின்றுவிட்டவனுக்குத்தான் கலக்கம்.

மூங்கில் வாள் கொண்டு பயிலும் கெண்டோவில் மனத்தின் நோய்கள் நான்கு: திடுக்கிடல், அச்சம், ஐயம், தடுமாற்றம். இவை தீண்டாத நிலையே ஃபுடோஷின். அடித்து முடித்த பிறகும் தளராத விழிப்பு ஸான்ஷின், அது வேறு.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘மன அமைதி’ போதாது. அது ஓய்வுநாளின் சொல், வாள்முனைக்குப் பொருந்தாது. ‘கல்மனம்’ நேர் எதிர்ப்பொருள்; இரக்கமின்மையையும் இழுத்து வரும். ‘மனத்திட்பம்’ அருகில் வருகிறது, ஆனால் அதில் பிடிவாதத்தின் வாடை உண்டு. நான் தேர்வது ‘உலையா உள்ளம்’. உலைதல் என்றால் கலங்குதல், நிலைகுலைதல். காற்றில் கூந்தல் உலைவதும் அதே வினைதான். இச்சொல் நகர்வைத் தடுக்கவில்லை, குலைவை மட்டுமே மறுக்கிறது. ‘அடுத்தடுத்து இரண்டு அடி வாங்கியும் உலையா உள்ளத்தோடு நின்றாள்’ என்று எழுதினால், மூன்றாவது அடிக்கு அவள் விலகிக்கொள்ள இடமிருக்கிறது.